உப்பளம் கேட்கும் வெயில், பலகை கேட்கும் வெளிச்சம்

கத்திரி வெயில் உப்பளத்துக்கு உகந்த பருவம். கேளம்பாக்கம் தொடங்கித் தெற்கே செய்யூர் வரை, செங்கல்பட்டுக் கடற்கரையில் உப்பு விளைந்த பாத்திகளின் கணக்கு எளிமையானது. சூடு ஏற ஏறத் தண்ணீர் வற்றும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு பூக்கும். மழை பெய்தால் விளைச்சல் கரையும், மே மாதம் காய்ந்தால் வாரி மாளாது. அதே கடற்கரையில் இன்று வீட்டு மாடிகளிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் சோலார் பலகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவையும் சூரியனை நம்பி இருப்பவைதான். ஆகவே அவற்றுக்கும் மே மாதமே அறுவடைக் காலம் என்று எண்ணுவது இயல்பு. மீட்டர் வேறு கதை சொல்லும். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் தெளிந்த நாட்களில் ஒரு பலகை தரும் மின்சாரம் மே மாதத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நண்பகலில், தன் முதுகில் அச்சிட்டிருக்கும் திறனைப் பலகை எட்டுவதே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று கவலைப்படுபவர்களும் உண்டு. சூரியன் இவ்வளவு காயும்போது சூரிய மின்சாரம் ஏன் குறைய வேண்டும்?

விடை, நாம் பழகிய ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'வெயில்' என்று சொல்லும்போது சூட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்தே சொல்கிறோம். இரண்டும் நம் உடம்பில் ஒன்றாகவே வந்து விழுவதால் பிரித்துப் பார்க்கத் தேவை எழவில்லை. உப்பளத்துக்கு வேண்டியது சூடு. குளியலுக்கு வெந்நீர் தரும் மாடிச் சூரியக் கொதிகலனுக்கு வேண்டியதும் சூடுதான். மின்சாரம் தரும் பலகைக்கோ வெளிச்சமே உணவு. சூடு அதற்கு நோய். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பலகையை எதனால் செய்கிறார்கள், ஏன் அப்படி அடுக்குகிறார்கள், எங்கே எப்படி வைக்க வேண்டும், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதெல்லாம் ஒன்றைத் தொட்டு ஒன்றாக விளங்கிவிடும். நெல்லுக்கேற்ற நிலமா, கேழ்வரகுக்கேற்ற நிலமா என்று பாராமல் விதைப்பவர் யாரும் இல்லை. பலகை வாங்குவதற்கும் அந்த நிதானம் வேண்டும்.

மின்சாரத்தை எழுப்புவது வெளிச்சமா, சூடா என்ற ஐயம் அறிவியலாளர்களுக்கும் இருந்தது. 1839-இல் பிரான்சில் எட்மண்ட் பெக்கெரல் என்ற பத்தொன்பது வயது இளைஞர், கரைசலில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின் மேல் ஒளி பட்டால் மின்னோட்டம் எழுவதைக் கண்டார். 1873-இல் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஆங்கிலப் பொறியாளர் வில்லபி ஸ்மித், செலினியம் என்ற தனிமம் வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதைக் கவனித்தார். அந்தத் தடத்தில் போன வில்லியம் கிரில்ஸ் ஆடம்ஸும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் டேயும் 1876-இல் லண்டனில் செலினியத்தின் அருகே மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்தார்கள். மீட்டரின் முள் அசைந்தது. மெழுகுவத்தி ஒளியும் தரும், சூடும் தரும். முள்ளை நகர்த்தியது எது? அவர்கள் பார்த்தது நேரத்தை. தோசைக்கல் காய்வதற்கும் ஆறுவதற்கும் நேரம் பிடிப்பதைப்போல, சூட்டினால் எழும் மின்னோட்டம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். செலினியத்திலோ வெளிச்சம் பட்ட கணமே முள் எழுந்தது. திரையிட்டு மறைத்த கணமே விழுந்தது. அவ்வளவு விரைவு சூட்டுக்குக் கிடையாது. ஆகவே வேலை செய்தது வெளிச்சமே. இதே சோதனையை மேகம் நமக்கு அன்றாடம் செய்து காட்டுகிறது. ஒரு மேகத்துண்டு சூரியனைக் கடக்கும்போது மாடிப் பலகையின் உற்பத்தி சட்டென்று விழுவதையும், விலகியதும் எழுவதையும் இன்வெர்ட்டரின் திரையில் பார்க்கலாம். அந்தச் சில நொடிகளில் பலகையின் சூடு அவ்வளவாக மாறியிருக்காது. மாறியது வெளிச்சம்.

வெளிச்சம் இதை எப்படிச் செய்கிறது? உலோகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் வெளியேறும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெரிந்துவிட்டது. 1902-இல் பிலிப் லெனார்ட் செய்த சோதனைகளில் ஒரு விந்தை வெளிப்பட்டது. ஒளியைப் பன்மடங்கு பிரகாசமாக்கினால் வெளியேறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானின் ஆற்றல் கூடவில்லை. ஒளியின் தன்மையை, அதாவது நிறத்தை, மாற்றினால்தான் ஆற்றல் மாறியது. 1905-இல் ஐன்ஸ்டைன் இதற்கு விளக்கம் தந்தார்: ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஒரு பொட்டலம் ஓர் எலக்ட்ரானைத்தான் தொடும், பொட்டலத்தின் கனத்தை நிர்ணயிப்பது நிறம். அந்தப் பொட்டலத்தைத் தமிழில் ஒளியன் என்கிறோம். நீல ஒளியன் கனமானது, சிவப்பு அதைவிட இலேசு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதனினும் இலேசு. இந்தக் கொள்கையை நம்பாத ராபர்ட் மில்லிகன் பல ஆண்டுகள் உழைத்துச் சோதித்தார். 1916-இல் அவர் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டைனின் கணிப்பையே உறுதிசெய்தன. மறுக்கப் புறப்பட்டவரின் கையாலேயே நிலைநாட்டப்பட்ட உண்மைக்கு வலு அதிகம். ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு முக்கியமாக இந்த ஒளிமின் விளைவு விளக்கத்துக்காகக் கிடைத்தது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காக்கக் கடலோரம் கொட்டி வைத்திருக்கும் கற்களை நினைத்துப் பார்க்கலாம். ஆயிரம் சிற்றலைகள் வந்து மோதினாலும் தண்ணீர் கல்லைத் தாண்டாது. உயரமான ஓர் அலை வந்தால் தாண்டிவிடும். ஒளி உலகில் அலையின் உயரத்துக்கு நிகராக நிற்பது பிரகாசம் அன்று, நிறம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் இருக்கும் சிலிக்கானுக்கும் இப்படி ஒரு கல்வரிசை உண்டு. சிலிக்கான் ஒரு குறைகடத்தி. அதன் ஒவ்வோர் அணுவும் நான்கு பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்கிறது, எலக்ட்ரான்கள் அந்தப் பிடிக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. ஓர் எலக்ட்ரானைப் பிடியிலிருந்து விடுவிக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற வரம்புக்கு 'ஆற்றல் இடைவெளி' என்று பெயர். நாம் காணும் எல்லா நிற ஒளியன்களுக்கும், அகச்சிவப்பில் ஒரு பகுதிக்கும் அந்த வரம்பைத் தாண்டும் கனம் உண்டு. மே மாதத்து நண்பகலில் காய்ந்த பாறையிலிருந்து நம் முகத்தில் அடிக்கும் அனலும் ஒருவகைக் கதிர்தான். ஆனால் அதன் ஒளியன்கள் பெரும்பாலும் அந்த வரம்பில் எட்டில், பத்தில் ஒரு பங்கு கனமே உள்ளவை. அனல் எத்தனை கோடி ஒளியன்களை அனுப்பினாலும் சிலிக்கானுக்கு அவை சிற்றலைகள்தான். உப்பளம் அவற்றையும் வாங்கிக்கொள்ளும். பலகையால் முடியாது.

எலக்ட்ரானை விடுவித்தால் மட்டும் மின்சாரம் வந்துவிடாது. விடுபட்ட எலக்ட்ரான் கணப்பொழுதில் பழைய இடத்துக்கே திரும்பி விழுந்துவிடும். அதை ஒரு பக்கமாகத் தள்ளித் தேக்க வேண்டும். ஏரிகளின் மாவட்டமான செங்கல்பட்டில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீரை மேட்டுக்கு இறைத்தால் போதாது, கரை வேண்டும். கரை இருந்தால்தான் நீர் மதகு வழியாகக் கால்வாயில் இறங்கி வயலுக்குப் பாய்ந்து வேலை செய்யும். சிலிக்கானில் அந்தக் கரையைக் கட்டுவது வேண்டுமென்றே சேர்க்கும் அணுவளவு மாசு. ஒரு பகுதியில் போரான் கலந்தால் எலக்ட்ரான்களுக்குக் குறை ஏற்படும். மறுபகுதியில் பாஸ்பரஸ் கலந்தால் எலக்ட்ரான்கள் மிகும். இதை மாசூட்டுதல் என்கிறது பாடநூல். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் தானாக உருவாகி, விடுபடும் எலக்ட்ரான்களை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. இந்தச் சந்தி முதலில் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸல் ஓல் சோதித்த சிலிக்கான் துண்டு ஒன்றில் விரிசல் இருந்தது. விளக்கொளி பட்டதும் அதில் எதிர்பாராத அளவு மின்னழுத்தம் எழுந்தது. விரிசலின் இரு பக்கமும் வெவ்வேறு மாசு இருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதே ஆய்வுக்கூடத்தின் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் அந்தச் சந்தியைத் திட்டமிட்டு உருவாக்கி, 1954 ஏப்ரலில் ஒரு பொம்மை ராட்டினத்தை வெளிச்சத்தால் சுற்றவைத்துக் காட்டினார்கள். பட்ட ஒளியில் சுமார் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பலகை 20 சதவீதத்துக்கு மேல் மாற்றுகிறது.

இந்தக் கரையை லட்சக்கணக்கில் கட்டுவதுதான் பலகைத் தொழில். மூலப்பொருள் குவார்ட்ஸ்; சிறுவர்கள் உரசித் தீப்பொறி எழுப்பும் வெங்கச்சங்கல்லின் இனம். அதைக் கரியோடு சேர்த்து மின் உலையில் ஏறக்குறைய 2000 டிகிரியில் உருக்கினால் ஆக்சிஜன் பிரிந்து சிலிக்கான் கிடைக்கும். அது போதுமான தூய்மை உள்ளதன்று. ஆகவே அதை ஆவியாகக்கூடிய சேர்மமாக மாற்றி, பன்னீர் வடிப்பதைப்போல வடித்து, மீண்டும் சிலிக்கானாகப் படிய வைக்கிறார்கள். பத்து லட்சம் அணுக்களுக்கு ஒரு மாசுகூட மிஞ்சாத அளவுக்குத் தூய்மை வேண்டும். ஊட்டும் மாசைத் தவிர வேறு மாசு இருந்தால் கரையில் ஓட்டை விழும். அந்தச் சிலிக்கானை 1414 டிகிரிக்கு மேல் உருக்கி, விதைப் படிகம் ஒன்றை அதில் தொட்டு, சுழற்றியபடியே மெல்ல மேலே இழுத்தால் ஒரே படிகத்தாலான உருளை வளர்ந்து வரும். போலந்தைச் சேர்ந்த சோக்ரால்ஸ்கி 1916-இல் கண்ட வழி இது. உருளையை வைரத்தூள் பதித்த கம்பியால் அறுத்து, 0.2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய வில்லைகளாக்கி, மேற்பரப்பில் மாசூட்டிச் சந்தியை உருவாக்குகிறார்கள். பட்டை தீட்டாத சிலிக்கான் கண்ணாடிபோல் பளபளத்து, வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தடுக்க நுண்ணிய கூம்புகளைச் செதுக்கி, மேலே ஒரு மெல்லிய பூச்சும் தருகிறார்கள். பலகையின் நீலக் கருமை அந்தப் பூச்சின் நிறம். பிறகு கல்யாணப் பத்திரிகை அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலேயே வெள்ளிப் பசையால் மெல்லிய கோடுகள் இழுக்கிறார்கள். அவையே மதகும் கால்வாயும்.

இப்படித் தயாராகும் வில்லைக்குச் செல் என்று பெயர். ஒரு செல் தரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். கைவிளக்கின் பேட்டரியில் பாதிகூட இல்லை. ஆகவே பல செல்களைத் தொடராகக் கோத்து, முன்னால் கெட்டிக் கண்ணாடியும் பின்னால் ஈரம் புகாத தாளும் வைத்து, நடுவில் தெளிவான பிளாஸ்டிக் படலத்தை உருக்கி ஒட்டி, அலுமினியச் சட்டம் பூட்டினால் பலகை தயார். ஒரகடத்தில் விக்ரம் சோலார் நிறுவனம் 2021 முதல் இவ்வகைச் சிலிக்கான் பலகைகளைத் தயாரித்து வருகிறது. தொடராகக் கோப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கால்வாயில் எங்கேனும் ஓரிடம் குறுகினால் முழு ஓட்டமும் அந்த அளவுக்குத்தான் போகும். அதுபோல, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தோட்ட வீட்டில் ஒரு தென்னை மட்டையின் நிழல் நாலைந்து செல்களின் மேல் விழுந்தால், அந்த வரிசையே தளர்ந்துவிடும்; நிழலில் கிடக்கும் செல் மற்றவற்றின் மின்சாரத்தை வாங்கித் தானே சூடேறவும் செய்யும். இதற்காகவே பலகையின் பின்பெட்டியில் டயோடுகளை வைத்து, தடைப்பட்ட பகுதியைச் சுற்றிப் போக மாற்றுக் கால்வாய் அமைக்கிறார்கள். பலகைக்கு இடம் பார்க்கும்போது வெயில் எவ்வளவு உறைக்கிறது என்று பார்ப்பதைவிட, காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கிருந்து நிழல் வந்து விழுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

இனி மே மாதப் புதிருக்கு வரலாம். சூடு உயர்ந்தால் சிலிக்கானின் அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன. ஒளியின் தயவில்லாமலே சில எலக்ட்ரான்கள் பிடிவிட்டுப் போகின்றன. கேட்பதற்கு நன்மைபோல் தோன்றும். ஆனால் அவை கரையின் இரு பக்கமும் தாறுமாறாகத் தோன்றி, தேங்கியவை எதிர்த்திசையில் கசிய வழி திறக்கின்றன. மதுராந்தகம் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வந்தாலும், கரையில் கசிவு இருந்தால் நீர்மட்டம் எழும்பாது. மட்டம் இல்லையென்றால் மதகில் வேகம் இல்லை. பலகையில் அந்த மட்டத்தின் பெயர் மின்னழுத்தம். சூட்டினால் மின்னோட்டம் இம்மியளவு கூடுவது உண்மைதான். மின்னழுத்தம் விழுவது அதைவிடப் பன்மடங்கு. வழக்கமான சிலிக்கான் பலகை ஒவ்வொரு டிகிரிக்கும் தன் திறனில் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இழக்கிறது. பலகையில் அச்சிட்டிருக்கும் திறன், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. செங்கல்பட்டின் கோடை நண்பகலில் காற்று 38, 40 டிகிரி என்றால் பலகைக்குள் 65, 70 டிகிரி. வேறுபாடு 40 டிகிரிக்கு மேல். இழப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. நூறு வர வேண்டிய இடத்தில் எண்பத்தைந்து, எண்பத்தாறு வரும். பலகை பழுதாகவில்லை, அது தன் இயல்பின்படியே நடக்கிறது.

மே மாதக் குறைவுக்குச் சூடுதான் காரணமா, புழுதியும் மேகமும் காரணமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்ச்சில் வானம் தெளிவாக இருக்கும். மே மாதத்தில் ஈரமும் தூசியும் கலந்து வானம் வெளிறும், மாலையில் மேகம் கூடும். அதோடு மாமல்லபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.6 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் இறுதியில் உச்சிக்கு வரும் சூரியன் பிறகு நமக்கு வடக்கே நகர்ந்து, ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில்தான் மீண்டும் உச்சியைக் கடக்கிறது. தெற்கு நோக்கிச் சாய்த்த பலகைக்கு இடைப்பட்ட மாதங்களில் ஒளி சரிவாகவே விழுகிறது. ஆக, குறைவில் வானத்துக்கும் பங்கு உண்டு. பங்குகளைப் பிரித்தறிய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஆய்வுக்கூட வழி: சூரிய ஒளியை ஒத்த விளக்கைச் சில மில்லி நொடிகள் மட்டும் மின்னவிட்டு, அதே பலகையை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து அளப்பார்கள். ஒளி மாறாதபோதும், சூடு ஏற ஏறத் திறன் படிப்படியாக இறங்குகிறது. மற்றொன்று களவழி: ஒளியின் அளவையும் காற்றின் வெப்பத்தையும் தனித்தனியே பதிவுசெய்வது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம், பெயரில் காற்று இருந்தாலும், சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவியது. 2011-இல் முதற்கட்டமாக 51 நிலையங்கள் செயல்பட்டன. அத்தகைய பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் ஒரு பலகையின் குறைவில் மேகத்தின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட முடியும்.

சூடும் ஈரமும் மிக்க ஊருக்கு வேறு பொருளில் பலகை செய்யலாமே என்ற எண்ணத்துக்கும் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குப் பலகைகள் செய்யும் திறன் கொண்டது. இங்கே உருளையும் இல்லை, வில்லையும் இல்லை. காட்மியம் டெலூரைடு என்ற சேர்மத்தை ஆவியாக்கி, கண்ணாடியின் மேல் தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கே உள்ள படலமாகப் படியவிடுகிறார்கள். அதன் ஆற்றல் இடைவெளி சிலிக்கானைவிடச் சற்று உயர்ந்தது. கல்வரிசை உயரமாக இருப்பதால் அகச்சிவப்பு ஒளியன்களை அது இழக்கிறது. ஆனால் மட்டமும் உயர்வதால் சூட்டுக் கசிவு வழக்கமான சிலிக்கானைவிடக் குறைவு. கடலோரக் காற்றின் ஈரம் உறிஞ்சுவதும் பெரும்பாலும் அந்த அகச்சிவப்பைத்தான் என்பதால், அது உண்ணாத சோற்றையே ஈரம் எடுத்துக்கொள்கிறது. அதற்காக அதுவே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. நல்ல சிலிக்கான் பலகை அதே பரப்பில் கூடுதல் மின்சாரம் தரும். புதிய வகைச் சிலிக்கான் செல்களும் சூட்டு இழப்பைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. வாங்குபவர் விலையையும் வாட்டையும் கேட்பதோடு, ஒரு டிகிரிக்கு எத்தனை சதவீத இழப்பு என்றும் கேட்க வேண்டும். அந்த எண் ஒவ்வொரு பலகையின் தரக்குறிப்பிலும் இருக்கிறது.

கடற்கரைக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. கோடையில் நண்பகலையொட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று, பலகையின் கூட்டாளி. பலகையைக் கூரையோடு ஒட்டிப் பதிக்காமல், கீழே காற்று புகுந்து போக இடைவெளி விட்டு, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் தெற்கு நோக்கி நிறுத்தினால் செல்லின் சூடு கணிசமாக இறங்கும். மழை தானே கண்ணாடியைக் கழுவிவிடும். ஆனால் அதே காற்று உப்பையும் கொண்டுவருகிறது. உப்புப் படிவு ஒளியை மறைக்கும், திருகாணியையும் சட்டத்தையும் அரிக்கும், ஓரத்தில் சிறு இடுக்கு கிடைத்தால் ஈரத்தோடு உள்ளே போய் வெள்ளிக் கோடுகளைக் கறுக்கவைக்கும். உப்புப் பனியில் வைத்துச் சோதிக்கும் உலகத் தரமுறை இதற்காகவே இருக்கிறது. கடலோர வீட்டுக்கு அந்தச் சோதனையில் தேறிய பலகையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் ஆடம்பரம் ஆகா. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. கீழே விடும் இடைவெளி கோடையில் காற்றை வரவேற்கும், புயலில் பலகையைப் பாய்மரமாக்கும். ஆகவே தாங்கும் சட்டம் தளத்தோடு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும்; பலகையின் விலையைக் குறைக்க முடியாதபோது சட்டத்தில் கைவைப்பது இந்தக் கரைக்கு ஒத்துவராது.

புயலைச் சொன்னதும் மற்றொரு மனக்குறை நினைவுக்கு வரும்: மாடியில் சோலார் இருந்தும், ஊரில் கரண்ட் போனால் வீட்டிலும் ஏன் விளக்கு அணைகிறது? பலகை தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். நம் வீட்டுக்கு வருவது நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக்கி, மின்வாரியக் கம்பியின் தாளத்துக்கு அடி பிசகாமல் சேர்ப்பது இன்வெர்ட்டரின் வேலை. தாளம் நின்றால் அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிரை, ஏதோ ஒரு மாடியிலிருந்து கம்பியில் கசியும் மின்சாரம் பறித்துவிடக் கூடாது. இருட்டில் நமக்கு நேரும் சங்கடத்தைவிட அந்த உயிர் பெரிது. மின்வெட்டிலும் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியும், வாரியக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு இயங்கும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொள்ளலாம்; செலவு கூடும்.

இரவு என்பதே பலகைக்கு எதிரான மிக வலுவான வாதம். கடற்கரைக் கோயிலிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் கல்பாக்கம். 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அங்குள்ள இரண்டு அணு உலைகளும் தலா 220 மெகாவாட். இரண்டும் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு கோடி யூனிட்டுக்கு மேல், இரவு பகல் பாராமல். தமிழகத்தில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதே ஒரு கோடி யூனிட்டைப் பலகையால் பெற 2,500 மெகாவாட் வேண்டும். மெகாவாட்டுக்கு 4 ஏக்கர் என்றாலும் 10,000 ஏக்கர். ஏரிப் பாசன நிலத்தை அதற்குக் கொடுப்பது நியாயமாகாது. உப்பைக் குவித்து ஓலை வேய்ந்து வைக்கலாம்; மின்சாரத்தை அவ்வளவு மலிவாகக் குவிக்கும் வழி இன்னும் கைவரவில்லை. இந்த வாதத்தின் உண்மையை ஒப்புக்கொண்டே சொல்ல வேண்டியது, பலகையை அதன் இயல்பான இடத்தில் கேட்க வேண்டும் என்பதுதான். அந்த இடம், ஏற்கெனவே கட்டி முடித்துச் சும்மா கிடக்கும் கூரை. அந்த நேரம், ஏசியும் பம்புசெட்டும் தொழிற்கூடமும் ஓடும் பகல். 2024-இல் கடற்கரைக் கோயில் வளாகத்துக்காகத் தலா 10 கிலோவாட்டில் மூன்று சூரிய மின்னமைப்புகள் நிறுவப்பட்டன. 30 கிலோவாட் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 யூனிட். தேவையான பலகைப் பரப்பு 150 சதுர மீட்டர் அளவில் அடங்கிவிடும். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் எழுந்த கோயிலின் சிறு தேவைக்கு, அணு உலையும் வேண்டாம், ஆயிரம் ஏக்கரும் வேண்டாம்.

பலகையைச் செய்யச் செலவாகும் ஆற்றலை அது திருப்பித் தருவதே இல்லை என்ற பேச்சும் உண்டு. 2000 டிகிரி உலையையும் படிகம் இழுக்கும் கூடத்தையும் நினைத்தால் அந்த ஐயம் நியாயமாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் நிற்காது. உலை முதல் சட்டம் வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும், நம்மைப்போல ஒளி மிகுந்த நாட்டில் இன்றைய பலகை அந்த ஆற்றலை ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்குள் ஈடுகட்டிவிடுகிறது. அதன் ஆயுள் 25 ஆண்டுகளுக்குக் குறையாது. கழிவு பற்றிய அச்சத்தில்தான் கனம் அதிகம். சிலிக்கான் பலகையின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. படலப் பலகையில் காட்மியம் உண்டு, டெலூரியத்தோடு இறுகப் பிணைந்து இரண்டு கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டிருந்தாலும். உடைந்த பலகையைக் குப்பைமேட்டிலோ ஏரிக்கரையிலோ எறிவது குற்றம் என்ற உணர்வு நமக்கு வர வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பலகைகளையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கின்றன. இன்று ஏற்றும் பலகைகள் 2050-ஐ ஒட்டி இறங்கும்போது கண்ணாடியையும் வெள்ளியையும் சிலிக்கானையும் மீட்டெடுக்கும் பட்டறைகள் இங்கே இருக்க வேண்டும். அதற்கான வேலையை இப்போதே தொடங்கினால்தான் முடியும்.

ஆக, உப்பளத்துக்கும் பலகைக்கும் சூரியன் ஒன்றே. எடுத்துக்கொள்ளும் பங்குதான் வேறு. உப்பளத்துக்காரர் மே மாத அனலைப் பார்த்து மகிழலாம். பலகை வைத்திருப்பவர் அந்த மாதத்தில் மீட்டரின் எண் குறைவதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி உப்பையும் தூசியையும் கழுவி, நிழல் எதுவும் நீண்டிருக்கிறதா என்று பார்த்து, பலகைக்கும் தளத்துக்கும் இடையே கையை நீட்டினால் போதும். காய்ந்த தளத்தின் அனல் அங்கே தேங்கி நின்றால் பலகையைச் சற்று உயர்த்தலாம். கடற்காற்று தடையின்றிப் போய்வருகிறது என்றால், செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது.